தேய்ந்த டயரும் நெடும்பயண மோட்டார் சைக்கிளின் சொகுசும்: கண்டறிந்து சரிசெய்யும் வழிமுறை

நெடும்பயண மோட்டார் சைக்கிளில் சொகுசு குறைந்துவிட்டதாகத் தோன்றும்போது பெரும்பாலானோரின் சந்தேகம் முதலில் இருக்கையின் மீது விழுகிறது. பிறகு ஷாக் அப்சார்பர் மீதும், ஹேண்டில்பாரின் உயரத்தின் மீதும் விழுகிறது. டயரின் முறை கடைசியாகத்தான் வருகிறது. அப்போதும், டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறிக்கட்டை இன்னும் மேற்பரப்பைத் தொடவில்லை என்பதைப் பார்த்தவுடன் டயரில் குறையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் குறிக்கட்டை காட்டுவது, டயரை அதற்கு மேல் ஓட்டவே கூடாது என்னும் எல்லையை மட்டுமே. பயணச் சொகுசு கெடத் தொடங்கும் இடம் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது; பள்ளத்தில் பாதி ஆழம் மீதியிருக்கும்போதே வந்துவிடுவதும் உண்டு. ஆகவே புதிய இருக்கைக்கோ ஷாக் அப்சார்பருக்கோ செலவழிப்பதற்கு முன், இரண்டு டயர்களையும் எப்படி ஆராய்வது, எந்தக் குறையை டயரின் கணக்கில் எழுதுவது, எதை எழுதக் கூடாது என்பதை இங்கே விளக்குகிறேன்.

காற்றடைத்த டயர் சொகுசுக்காகவே உருவான பொருள். ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காப்புரிமை பெற்ற டயர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கரடுமுரடான தரையில் குலுங்காமல் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் செய்து பார்த்த ஒன்று. அந்தப் பணி இன்றும் மாறவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் சாலையின் பெரிய மேடு பள்ளங்களைத் தாங்குபவை; ஜல்லியின் சொரசொரப்பு, தார் ஒட்டுகள், நுண்ணிய விரிசல்கள் போன்றவற்றிலிருந்து எழும் சிறிய, வேகமான அதிர்வுகளுக்கு அவை முழுமையாக ஈடுகொடுக்க முடியாது. அந்த அதிர்வுகளில் பெரும்பகுதியை விழுங்குவது டயருக்குள் இருக்கும் காற்றும், வளைந்து கொடுக்கும் பக்கச்சுவரும், சாலையைத் தொடும் ரப்பர்த் தடிப்பும்தான். டயர் தேயும்போது இந்த ரப்பர் குறைகிறது என்பது வெளிப்படை. அதைவிடச் சொகுசை அதிகம் பாதிப்பவை, டயரின் குறுக்குவெட்டு வடிவம் மாறுவதும், சுற்றளவு முழுவதும் தேய்மானம் சீராக இல்லாமல் போவதும், மிஞ்சியிருக்கும் ரப்பர் இறுகிப்போவதும் ஆகும்.

இவை அனைத்தும் மெதுவாக நடப்பதால், ஓட்டுபவரின் உடல் அவற்றுக்குப் பழகிக்கொள்கிறது. வண்டி வளைவில் சாயத் தயங்கினால் கை தானாகவே சற்றுக் கூடுதலாக அழுத்துகிறது. ஹேண்டில்பார் நடுங்கினால் பிடி தானாகவே இறுகுகிறது. நாள் முழுவதும் ஓட்டியபின் தோளிலும் மணிக்கட்டிலும் வலியாக வெளிப்படுவது இந்தக் கூடுதல் உழைப்புதான் என்பது பலருக்கும் புதிய டயர் மாட்டிய பிறகே புரிகிறது.

தேய்மானத்தின் வகைகளும் அவை தரும் உணர்வும்

நெடும்பயண வண்டிகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது பின்டயரின் நடுப்பகுதி தட்டையாவது. நேரான நெடுஞ்சாலையில் வண்டி நிமிர்ந்தே ஓடுகிறது. இன்ஜினின் இழுவிசை, வண்டியின் எடை, பின்னிருக்கைப் பயணியின் எடை, பெட்டிகளின் எடை ஆகிய அனைத்தையும் டயரின் நடுவில் இருக்கும் குறுகிய பட்டை சுமக்கிறது. வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு, நாளடைவில் நடுவில் தட்டையாகவும் இரு பக்கங்களிலும் ஒரு விளிம்புடனும் மாறிவிடுகிறது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் அது நிமிர்ந்து நிற்கவே முயல்கிறது. சற்றே அழுத்தியதும் அந்த விளிம்பைத் தாண்டி, எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சாய்கிறது. சாலையில் நீளவாக்கில் ஓடும் வெட்டுகளிலும், இரண்டு தார்ப் பரப்புகள் சேரும் இடங்களிலும் தட்டையான டயர் அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து பக்கவாட்டில் நகர முற்படும். பெட்டிகள் ஏற்றிய கனமான வண்டியில், பின்னால் ஒருவர் அமர்ந்திருக்கும்போது, இந்தச் சிறு நகர்வுகள் இருவரையும் சோர்வடையச் செய்கின்றன. பின்னால் இருப்பவருக்கு வண்டி எப்போது நகரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் அவருக்குச் சோர்வு இன்னும் அதிகம். இதைப் பலரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முன்டயரில் வரும் குறை வேறு வகையானது. பிரேக் பிடிக்கும்போது எழும் விசையால் பட்டன்கள், அதாவது பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர்க் கட்டிகள், ஒவ்வொன்றும் சற்றே வளைந்து, ஒரு முனை அதிகமாகவும் மறுமுனை குறைவாகவும் தேய்கின்றன. காற்றழுத்தம் குறைவாக இருந்தாலோ, ஃபோர்க்கின் அதிர்வடக்கும் திறன் தளர்ந்திருந்தாலோ, சக்கரத்தின் பேலன்ஸ் சரியில்லாமல் இருந்தாலோ இந்தச் சீரின்மை விரைவாக வளர்ந்து, டயரின் தோள்பகுதியில் (நடுவுக்கும் பக்கச்சுவருக்கும் இடைப்பட்ட சரிவில்) வரிசையான மேடுகளும் குழிகளுமாக மாறிவிடும். நிமிர்ந்து ஓடும்போது பெரிதாகத் தெரியாத இந்தக் குறை, வளைவில் சாய்ந்தவுடன் ஒரு முனகலாகவோ, ஹேண்டில்பார் வழியே கைக்கு ஏறும் நடுக்கமாகவோ வெளிப்படுகிறது. பேரிங் போய்விட்டதோ என்று எண்ண வைக்கும் அளவுக்கு அந்த ஒலி இருப்பதும் உண்டு.

இந்த அதிர்வு ஏன் அத்தனை தொந்தரவு தருகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 180/55 அளவுள்ள 17 அங்குலப் பின்டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 14 முறை சுழல்கிறது. டயரில் ஒரே ஓர் இடத்தில் குறை இருந்தால், நொடிக்கு 14 சிறு தட்டுகள் இருக்கைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் வந்து சேர்கின்றன. சுற்றிலும் பத்துக் குழிகள் இருந்தால் நொடிக்கு 140 தட்டுகள். முதலாவது உடல் உணரும் குலுக்கல்; இரண்டாவது காது கேட்கும் முனகல். ஒரு மணி நேரம் கழித்து விரல்கள் மரத்துப்போவதில் வியப்பில்லை.

மூன்றாவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத இறுகல். ரப்பர் வெயிலாலும், காற்றிலுள்ள ஆக்ஸிஜன், ஓசோன் ஆகியவற்றாலும், மீண்டும் மீண்டும் சூடாகி ஆறுவதாலும் தன் நெகிழ்வை இழக்கிறது. குறைவாக ஓடி நெடுநாள் நிறுத்தப்பட்ட வண்டியில் பட்டன் முழு ஆழத்தில் இருந்தும் பயணம் கரடாக இருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அத்தகைய டயர் நுண்ணிய அதிர்வுகளை விழுங்காமல் அப்படியே மேலே அனுப்புகிறது. ஈரச்சாலையில் பிடிப்பும் குறைந்துவிடுகிறது.

நிறுத்திவைத்த வண்டியில் செய்ய வேண்டிய ஆய்வு

வண்டி குளிர்ந்திருக்கும் வேளையில், சமதளத்தில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். தேவையானவை ஒரு காற்றழுத்த மானி, டயர்ப் பள்ளத்தின் ஆழம் அளக்கும் கருவி, ஓர் எஃகு அளவுகோல், நல்ல வெளிச்சம், மெல்லிய கையுறை. கையுறை இல்லாமல் டயரைத் தடவக் கூடாது. பட்டன்களுக்கு இடையே கண்ணாடித் துண்டோ, மிக மோசமாகத் தேய்ந்த டயரில் உள்கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

முதலில் எஃகு அளவுகோலைப் பின்டயரின் நடுவில் குறுக்காக வைத்துப் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள டயரில் அளவுகோல் ஒரு சிறிய பகுதியை மட்டும் தொட்டு, இரு பக்கமும் உடனே இடைவெளி விட்டு மேலெழும்பி நிற்கும். சற்று அழுத்தினால் இப்படியும் அப்படியும் ஆடும். நடு தட்டையான டயரில் அளவுகோல் ஆடாமல் படிந்து உட்காரும். மூன்று நான்கு விரல் அகலத்துக்கு அடியில் வெளிச்சமே ஊடுருவாது. அந்தத் தட்டைப் பட்டை முடியும் இடத்தில் விரலை வைத்தால் ஒரு திட்டமான முனை தட்டுப்படும். அந்த முனையைத்தான் வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஏறிக் கடக்கிறது. முனை எவ்வளவு தெளிவாகத் தட்டுப்படுகிறதோ அவ்வளவுக்கு வளைவில் வண்டியின் தயக்கமும் அதிகமாக இருக்கும்.

அடுத்து முன்டயர். உள்ளங்கையைத் தோள்பகுதியில் வைத்து, டயரின் சுற்றுப்பாதையில் ஒரு திசையில் மெல்லத் தடவுங்கள். பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல்லைப் போலவும் தட்டுப்பட்டால், பட்டன்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். இந்தச் சோதனையை இடது, வலது, நடு என மூன்று இடங்களிலும் தனித்தனியே செய்வது அவசியம். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருப்பது, சாலையின் சரிவாலும் எந்தப் பக்க வளைவுகள் அதிகம் என்பதாலும் இயல்பாகவே நிகழக்கூடியது; வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் மட்டும் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்கலாம்.

பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, அசையாத ஒரு பென்சில் முனையை டயருக்கு அருகே பிடித்துக்கொண்டு, இடைவெளி கூடிக் குறைகிறதா என்று கவனியுங்கள். கூடிக் குறைந்தால், டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருக்கலாம், ரிம்மில் கோட்டம் இருக்கலாம், அல்லது டயரின் உட்கட்டமைப்பே பிரியத் தொடங்கியிருக்கலாம். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய வட்டக்கோடு, ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தொலைவில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே மறைந்திருந்தால் டயர் முழுமையாக உட்காரவில்லை. பக்கச்சுவரில் வீக்கம் ஏதேனும் தென்பட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. அந்த டயரில் பயணம் போகக் கூடாது.

ஆழத்தை நடுவிலும் இரு தோள்களிலும், சுற்றளவில் குறைந்தது மூன்று இடங்களிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல மோட்டார் சைக்கிள் டயர்களில் தேய்மானக் குறிக்கட்டையின் உயரம் சுமார் 0.8 மி.மீ. மட்டுமே. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ. நெடும்பயணத்துக்கு இந்த எண்களை நம்பிப் புறப்படுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பின்டயரின் நடுவில் 2 மி.மீ. தான் மீதி என்றால், நீண்ட பயணத்துக்கு முன்பே அதை மாற்றிவிடுவது நல்லது. நடுவழியில், கிடைக்கும் ஏதோ ஒரு டயரை மாட்டிக்கொண்டு மீதித் தூரத்தை ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கின்றன. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுந்தவரிடம் காட்ட வேண்டும்; பட்டன் எவ்வளவு மீதியிருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நெடும்பயண வண்டிக்குப் பத்து ஆண்டு என்பதே மிக நீண்ட காலம் என்பது என் கருத்து. சொகுசு அதற்கு நெடுங்காலம் முன்பே போய்விடும்.

ஓட்டிப் பார்த்துப் பிரித்தறிதல்

நிறுத்திச் செய்த ஆய்வு டயரின் நிலையைச் சொல்லும். குலுக்கலுக்குக் காரணம் அதுதானா என்பதை ஓட்டிப் பார்த்தே உறுதிசெய்ய முடியும். அதற்கு முன் இரண்டு டயர்களிலும் காற்றழுத்தத்தை வண்டிக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்துவிட வேண்டும். தவறான அழுத்தத்தில் செய்த எந்தச் சோதனையும் பயன்படாது.

வாகன நெரிசல் இல்லாத, வழவழப்பான, நேரான சாலையைத் தேர்ந்தெடுத்து, அதிர்வு தெளிவாகத் தெரியும் வேகத்துக்கு வாருங்கள். பிறகு அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். இன்ஜின் சுழற்சி மாறியதும் அதிர்வும் மாறினால் அது இன்ஜினிலிருந்து வருவது. மாறாமல் நீடித்தால் சக்கரத்திலிருந்து வருவது. கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக உருளவிட்டும் இதையே உறுதிசெய்துகொள்ளலாம். சக்கரத்திலிருந்து வரும் அதிர்வு கையில் அதிகமாகத் தெரிந்தால் முன்சக்கரத்தையும், இருக்கையிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிகமாகத் தெரிந்தால் பின்சக்கரத்தையும் முதலில் சந்தேகிப்பது பொதுவாகப் பொருந்தும்.

சுமார் 80 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு, வேகம் 70, 60 என்று இறங்கும்போது ஹேண்டில்பார் இடவலமாகச் சிறிதாக ஆடுவது, தேய்ந்த முன்டயரின் நன்கு அறியப்பட்ட அடையாளம். இதைச் சோதிக்கப் பிடியைச் சற்றுத் தளர்த்தினாலே போதும். கைகளை முழுவதுமாக விட்டுவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஆபத்தானது. ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருந்தாலும், பின்பெட்டியில் அதிக எடை ஏற்றியிருந்தாலும் இதே ஆட்டம் வரும். எனவே ஒருமுறை பெட்டிகளைக் காலிசெய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதும், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஃபோர்க்கின் அடிப்பகுதியை முன்னும் பின்னும் அசைத்து இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

பெரிய பள்ளத்தில் இறங்கியபின் வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால் அது ஷாக் அப்சார்பரின் குறை. டயரை அதற்குக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தளர்ந்த ஷாக் அப்சார்பரும் ஃபோர்க்கும் டயரைச் சாலையில் சீராக அழுத்தி வைக்காததால் டயர் குழிகுழியாகத் தேய்கிறது. மூலக்காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய டயர் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே முனகல் திரும்பிவிடும்.

காற்றழுத்தம்: செய்யக் கூடாத ஒரு திருத்தம்

டயர் தேய்ந்து பயணம் கரடாகும்போது, காற்றைக் குறைத்தால் மென்மை திரும்பும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். காற்றைக் குறைத்தவுடன் முதல் சில கிலோமீட்டருக்கு மென்மையாகத் தோன்றுவது உண்மைதான். ஆனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைவதால் டயர் சூடேறுகிறது. திருப்பங்களில் வண்டி தடுமாறுகிறது. குழிகுழியான தேய்மானம் மேலும் விரைவாகிறது. முழுச் சுமையுடன், வெப்பமான நாளில், நெடுஞ்சாலை வேகத்தில் அப்படிப்பட்ட டயர் உட்கட்டமைப்பு பிரிந்து வெடிக்கக்கூடும்.

நெடும்பயண வண்டிகள் பலவற்றில் பரிந்துரைக்கப்படும் அழுத்தம் முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ. என்ற அளவை ஒட்டியே இருக்கும்; ஆயினும் உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது. வண்டியை நிறுத்திக் குறைந்தது மூன்று மணி நேரம் கழித்து, குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் மாறும்போது அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. மாறும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டுகிறது என்பதற்காகக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் டயர் குறைந்த அழுத்தத்தில் இருக்கும்.

புதிய டயர் மாட்டும்போது

வண்டிக்குக் குறிக்கப்பட்ட அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் பொருந்த வேண்டும். சுமைக் குறியீடு 73 என்றால் அந்த டயர் 365 கிலோ வரை தாங்கும். கையேட்டில் உள்ளதைவிடக் குறைந்த குறியீடுள்ள டயரை, மென்மையாக இருக்கும் என்று யார் சொன்னாலும் ஏற்கக் கூடாது. நடுவில் கடினமான ரப்பரும் தோள்களில் மென்மையான ரப்பரும் கொண்ட நெடும்பயண டயர்கள் கிடைக்கின்றன. அவை நடு தட்டையாவதைத் தாமதப்படுத்துகின்றன. நேர்ச்சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு அவையே பொருத்தமானவை. ஒரு சக்கரத்தில் ரேடியலும் (உள்ளிழைகள் குறுக்காக நேரே ஓடும் டயர்) மறு சக்கரத்தில் பயஸ் பிளையும் (உள்ளிழைகள் சாய்வாகப் பின்னிய டயர்) மாட்டுவதை, வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்தால் தவிரத் தவிர்க்க வேண்டும்.

பின்டயரை மட்டும் மாற்றினால் போதுமா என்னும் கேள்வி எப்போதும் எழும். முன்டயரின் சுற்றளவு முழுவதும் தேய்மானம் சீராக இருந்து, பாதிக்கு மேல் ஆழமும் மீதியிருந்தால் போதும். முன்டயரில் குழிகள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய பின்டயர் வண்டியின் பின்பகுதியைச் சில மி.மீ. உயர்த்துவதோடு, சாய்வதையும் எளிதாக்குகிறது. பழைய முன்டயர் அந்த இயல்புக்கு ஈடுகொடுக்காமல் தனியாக இழுக்கும். அந்தப் பொருத்தமின்மை, இரண்டு டயர்களும் ஒருசேரத் தேய்ந்திருந்த நிலையைவிட விரும்பத்தகாததாகப் பலருக்குத் தோன்றுகிறது.

டயர் மாட்டுபவர் சுழற்சித் திசை அம்புக்குறியைக் கவனிக்கிறாரா, இலேசான பகுதியைக் காட்டும் வண்ணப் புள்ளியை வால்வுக்கு நேராக வைக்கிறாரா, முடிந்ததும் வீல் பேலன்ஸிங் செய்கிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். சக்கரம் கழன்றிருக்கும் அந்த நேரத்தில் பேரிங்கை விரலால் சுழற்றிப் பார்ப்பதும், டியூப்லெஸ் சக்கரமானால் வால்வைப் புதிதாக மாற்றுவதும் நல்லது.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை திடீர் பிரேக்கும் பலமான முடுக்கமும் இல்லாமல், சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓட்ட வேண்டும். வண்டி தானாகவே வளைவில் விழுவதுபோல் முதலில் தோன்றும். தட்டையான டயருக்குப் பழகிய கை கூடுதலாக அழுத்துவதால் வரும் உணர்வு அது. ஓரிரு நாள்களில் கை சரியாகிவிடும். அதன் பிறகும் முனகலோ நடுக்கமோ நீடித்தால், பேலன்ஸிங்கை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் தீரவில்லையென்றால் ஃபோர்க் எண்ணெய், ஸ்டீயரிங் பேரிங், ரிம் கோட்டம் என்ற வரிசையில் தேட வேண்டும். மாட்டிய நாளில் ஓடிய கிலோமீட்டரையும் மூன்று இடத்து ஆழத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, 2,000 கி.மீ.க்கு ஒருமுறை அளந்து சேர்த்துக்கொண்டே வந்தால், அடுத்த டயரை எந்தப் பயணத்துக்கு முன் மாற்ற வேண்டும் என்பது அந்த எண்களிலிருந்தே தெரிந்துவிடும்.